பின் லைற் உங்களுக்காக எரிவதில்லை

போன ஆவணியில் லண்டனில் ஒரு கோயில் தேருக்குப் போயிருந்தேன். தேர் இருப்புக்கு வந்து, அன்னதானமும் முடிய, வழமைபோல இளசுகளின் திருவிழா கார் பார்க்கில் தொடங்கியது. ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள். வேட்டியை மடித்துக் கட்டியபடி அவற்றைச் சுற்றி நின்ற தம்பிமார். அதில் ஒருவன், பத்தொன்பது வயதிருக்கும், என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணா, பின்னுக்கு வந்து பாருங்கோ. நானே மாத்தினது."

போய்ப் பார்த்தேன். கம்பனி கொடுத்த சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய எல்.இ.டி பட்டை ஒன்றைப் பூட்டியிருந்தான். அதற்கு மேலே கறுப்புப் புகை நிறத்தில் ஒரு கண்ணாடி. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. நான் இருபது அடி பின்னால் போய் நின்று, "பிரேக்கைப் பிடி" என்றேன்.

சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன்: "இப்ப பிடிச்சிருக்கிறியா, விட்டிட்டியா?"

"பிடிச்சுக்கொண்டுதான் அண்ணா நிக்கிறன்."

மத்தியான வெயில் நேராக அந்தக் கறுப்புக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. இருபது அடியில் அசையாமல் நின்று, பிரேக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. மணிக்கு 40 மைல் வேகத்தில், பின் இருக்கையில் பிள்ளை அழ, முன்னால் சிக்னல் மாற, காரோட்டி வரும் ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்?

இந்தப் பதிவு அந்தத் தம்பிக்கும், அவனைப்போல வீட்டு மேசையில் பின் லைற் செய்ய ஆசைப்படும் எல்லாத் தம்பி தங்கைமாருக்கும். செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. செய்யுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். ஆனால் யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதில் நம்மில் பெரும்பாலானோர் பிழை விடுகிறோம்.

மோட்டார் சைக்கிளில் உங்களால் பார்க்கவே முடியாத ஒரு பாகம் பின் லைற். ஓடும்போது ஹெட்லைற்றின் வெளிச்சம் உங்களுக்குத் தெரியும், மீற்றர் தெரியும், கண்ணாடி தெரியும். பின் லைற் ஒருநாளும் தெரியாது. அது முழுக்க முழுக்க உங்கள் பின்னால் வரும் முன்பின் தெரியாத ஒருவருடைய சொத்து. உங்கள் இருக்கைக்குக் கீழே இருக்கிறது என்பதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது. "என்ர பைக், என்ர காசு, என்ர ஸ்டைல்" என்ற நியாயம் டாங்கின் நிறத்துக்குப் பொருந்தும். கைப்பிடிக்குப் பொருந்தும். பிரேக் லைற்றுக்குப் பொருந்தாது.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. பட்டுத்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நானும் ஒன்று செய்தேன். பொறியியலில் மாஸ்டர்ஸ் முடித்தவன், ஓமின் விதி தெரியும், வேறென்ன வேண்டும் என்ற திமிர். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சிவப்பு எல்.இ.டி, அதோடு ஒரு ரெசிஸ்டர். இப்படி ஆறு வரிசை, மொத்தம் முப்பது. ஒரு வரிசை செத்தாலும் மற்ற ஐந்தும் எரியும் என்று பெருமையாக நினைத்தேன். மேலே சிலிகோன் பூசி, தண்ணீர் போகாமல் அடைத்து, பூட்டினேன். இரவில் வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லோரும் நெருப்புப் படம் போட்டார்கள்.

ஒரு குளிர்காலம் கழிந்தது. மழை பெய்த ஒரு பின்னேரம், நோர்த் சேர்க்குலர் வீதியில் ஹங்கர் லேன் பக்கம் வாகனங்கள் திடீரென்று நின்றன. நானும் பிரேக் பிடித்தேன். பின்னால் ரயர் ஈரத்தில் வழுக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால், ஒரு வெள்ளை வானின் முகப்பு என் நம்பர் பிளேட்டில் இருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. அடுத்த சிக்னலில் அந்தச் சாரதி பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "உனக்குப் பிரேக் லைற்றே இல்லையப்பா" என்றார், அவ்வளவுதான். அவருடைய கை ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். ஆறு வரிசைக்கும் பொதுவாக ஒரே ஒரு கிரவுண்ட் வயர். என்ஜின் அதிர்வில் அது சோல்டர் பண்ணிய இடத்திலேயே முறிந்திருந்தது. ஆறு வரிசை வைத்து என்ன பயன்? எல்லாம் ஒரு நூலில் தொங்கினால் ஒன்றுதான். "ஒரே இடத்தில் உடைந்தால் முழுவதும் விழுகிற அமைப்பைக் கட்டாதீர்கள்" என்று வேலையில் வாடிக்கையாளர்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது பாடம் எடுப்பவன் நான். சேர்வருக்குச் சொன்னதை என் சொந்த முதுகுக்குச் செய்யவில்லை.

முறியாத இடங்களிலும் செம்பு பச்சை பிடித்திருந்தது. காரணம் நான் பூசிய சிலிகோன். வினாகிரி மணம் வீசும் குளியலறைச் சிலிகோன் காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். அது செம்பை அரிக்கும். மின் வேலைக்கு அந்த மணம் இல்லாத, நியூட்ரல் வகைச் சிலிகோன்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கைவேலைக்காரரிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

இப்போது, கடையில் வாங்கிப் பூட்டுபவர்களிடம் வருகிறேன். "கஸ்டம்" என்ற பெயரில் இணையத்தில் விற்கும் பல பட்டைகள் என் பழைய லைற்றைவிட மோசம். அவற்றைப் பற்றி நான்கு குற்றச்சாட்டுகள்.

முதலாவது, கறுப்புக் கண்ணாடி. வெளிச்சத்தை வெளியே விடுவதற்காக இருக்கும் கண்ணாடியில் வெளிச்சத்தை விழுங்கும் நிறத்தைப் பூசிவிட்டு, அதற்குக் கூடுதல் காசும் வாங்குகிறார்கள். நாமும் கொடுக்கிறோம்.

இரண்டாவது, பின் லைற்றுக்கும் பிரேக் லைற்றுக்கும் வித்தியாசம் தெரியாமை. இரண்டும் ஒரே எல்.இ.டிகளில்தான் எரிகின்றன. பிரேக் பிடித்தால் கொஞ்சம் கூட வெளிச்சம், அவ்வளவுதான். பின்னால் வருபவர் உங்களை முதல் தடவை பார்க்கும்போதே நீங்கள் பிரேக் பிடித்தபடி இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. அதனால்தான் மோட்டார் சைக்கிள் விளக்குகளுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 50ஆம் இலக்க ஒழுங்குவிதி, இரண்டும் ஒரே கூட்டில் இருந்தால் பிரேக்கின் வெளிச்சம் குறைந்தது 5 மடங்காக இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றரை மடங்கு என்பது சமிக்ஞை இல்லை, சந்தேகம்.

மூன்றாவது, மில்லிகண்டெலா மோசடி. பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பார்கள். ஒரே அளவு வெளிச்சத்தை ஒடுக்கமான கதிராகக் குவித்தால் அந்த எண் தானாக ஏறும். நேர் பின்னால் நிற்பவரின் கண் கூசும், பக்கத்துப் பாதையில் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. பிரேக் லைற் இடமும் வலமும் 45 பாகை வரைக்கும் தெரிய வேண்டும். 20 பாகைக் கதிர் உள்ள எல்.இ.டியை வாங்கி நேராக அடுக்கினால் நீங்கள் செய்தது பிரேக் லைற் இல்லை, டோர்ச் லைற்.

நான்காவது, மினுக்கல். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் படபடவென்று அடிக்கும் லைற்றை "பாதுகாப்பு" என்று விற்கிறார்கள். பிரித்தானியாவில் 1989ஆம் ஆண்டின் வீதி வாகன விளக்கு விதிகள் சாதாரணப் பிரேக்குக்கு இப்படி மினுக்க இடம் கொடுப்பதில்லை. சட்டத்தை விடுங்கள். மினுங்குவது திரும்பும் சிக்னலின் மொழி. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்தால் கேட்பவன் குழம்புவான்.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் செய்யச் சொல்கிறேன்? எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். பெரியம்மா ஒருநாள் வந்து மேசையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடையில முப்பது பவுணுக்கு விக்குதாம். இவ்வளவு படிச்சுப்போட்டு ஏன் இப்பிடிப் புகை கிளப்பிக்கொண்டிருக்கிறாய்?"

பெரியம்மா மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியின் மேல் கோபம் இருக்கிறது. நம் சமூகத்தில் பொறியியல் என்பது ஒரு பட்டம். கல்யாண அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் வருவது. கையில் அழுக்குப் படுவது வேறு யாருக்கோ. அந்த மரியாதைக் கணக்கில் வளர்ந்ததால்தான், முப்பது எல்.இ.டியைக் காகிதத்தில் சரியாகக் கணக்குப் போட்ட நான், அதிர்வில் வயர் எங்கே முறியும் என்று தெரியாமல் நடுவீதியில் நின்றேன். அறிவு குறைவு இல்லை. தொட்டுப் பார்த்த பழக்கம் குறைவு.

வெம்பிளி ஈலிங் ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், கொஞ்சத் தூரத்தில், நோர்த் சேர்க்குலர் ஓரமாக ஏஸ் கஃபே இருக்கிறது என்று? 1938இல் திறந்தது, 1969இல் மூடியது, 2001இல் மீண்டும் முழுமையாகத் திறந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே கூடிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் காசு கொடுத்துக் "கஸ்டம்" வாங்கவில்லை. நோர்ட்டனின் சட்டகத்துக்குள் டிரையம்பின் என்ஜினைத் தூக்கி வைத்து "டிரைட்டன்" என்று பெயர் வைத்தார்கள். ஒன்றில் சட்டகம் நல்லது, மற்றதில் என்ஜின் நல்லது என்று கை வைத்துத் தெரிந்துகொண்டதால் வந்த வண்டி அது. வாங்கியதை ஒட்டுவது கஸ்டம் இல்லை. ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்து மாற்றுவதுதான் கஸ்டம்.

எல்.இ.டியிலும் அப்படி ஒரு "ஏன்" இருக்கிறது. பழைய இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 வினாடி எடுக்கும். இழை சூடாக வேண்டுமே. எல்.இ.டிக்கு அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு வாகனம் 0.2 வினாடியில் ஐந்து மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஒரு காரின் நீளம். ஒழுங்காகச் செய்த எல்.இ.டி பிரேக் லைற், பின்னால் வருபவருக்கு அந்த ஒரு கார் நீளத்தைப் பரிசாகக் கொடுக்கிறது. அந்த வானுக்கும் எனக்கும் இடையில் இருந்தது ஒரு முழம்.

ஆகவே செய்யுங்கள். செய்யும்போது நான் பிழைத்த இடங்களில் நீங்கள் பிழைக்காதீர்கள்.

"12 வோல்ட்" என்பதை நம்பாதீர்கள். என்ஜின் நன்றாக ஓடும்போது பற்றரியில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சிக்னலில் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போது அது 12.5 அளவுக்கு இறங்கலாம். என் கணக்கைப் பாருங்கள்: ஒரு சிவப்பு எல்.இ.டிக்கு 2.1 வோல்ட், ஐந்துக்கு 10.5. பற்றரியில் 14.4 இருந்தால் மிச்சம் 3.9 வோல்ட். 195 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 20 மில்லிஅம்பியர். அதே சுற்றில் 12.5 வோல்ட் வந்தால் மிச்சம் 2, ஓட்டம் வெறும் 10 மில்லிஅம்பியர். பாதி! பின்னால் இருந்து வாகனங்கள் வந்து சேரும் நேரத்தில், நீங்கள் அசையாமல் நிற்கும் இடத்தில், உங்கள் லைற் பாதியாகிறது. வரிசைக்கு நான்கு எல்.இ.டி மட்டும் வைத்து, ரெசிஸ்டருக்குப் பதிலாக ஓட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் ஒரு சிறு சுற்றைப் போடுங்கள். சில பென்ஸுக்கு வாங்கக்கூடிய எல்.எம். 317 சில்லும் 62 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்ந்தால் 20 மில்லிஅம்பியர் நிலையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக ஒன்று.

கிரவுண்ட் வயர் இரண்டு போடுங்கள், இரண்டு வெவ்வேறு இடத்தில். ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், பல இழை முறுக்கிய வயர்தான் அதிர்வைத் தாங்கும். சோல்டர் பண்ணிய இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி வயரை இறுக்கிக் கட்டுங்கள், ஆட்டம் சோல்டரில் இறங்காது. வரிசைகளைப் பக்கம் பக்கமாக அடுக்காமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்து அடுக்குங்கள். ஒரு வரிசை செத்தால் லைற் முழுவதும் கொஞ்சம் மங்கட்டும், பாதி இருட்டாக வேண்டாம். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி வையுங்கள். வெள்ளை எல்.இ.டியின் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு, பெரும்பகுதியைக் கண்ணாடியே தின்றுவிடும். சூட்டில் சிவப்பு எல்.இ.டியின் வெளிச்சம் குறையும், ஆகவே பின்னால் அலுமினியத் தகடு ஒன்று.

கம்பனி விளக்கோடு வரும் சிவப்பு ரிஃப்ளெக்டரை எறியாதீர்கள். உங்கள் பற்றரி, வயர், சோல்டர் எல்லாம் ஒரே இரவில் செத்தாலும், பின்னால் வரும் ஹெட்லைற்றைத் திருப்பி அனுப்பி "இங்கே ஆள் இருக்கிறது" என்று சொல்லப் போவது அது ஒன்றுதான்.

சட்டத்தையும் மறைக்க மாட்டேன். கம்பனி விளக்கில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஒரு நாட்டின் எண்ணும் பொறித்திருக்கும். ஜெர்மனிக்கு 1, நெதர்லாந்துக்கு 4, பிரித்தானியாவுக்கு 11. அது ஒரு ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்ததற்கான அத்தாட்சி. உங்கள் மேசையில் அந்த முத்திரை இல்லை. ஆகவே நான் இப்போது செய்வது இதுதான்: கம்பனி விளக்கு அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் செய்தது அதற்குக் கீழே, அதற்குத் துணையாக, இரண்டாவது பிரேக் லைற்றாக எரிகிறது. காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் மாற்றிவிட்டு, விபத்து நடந்த பிறகு அவர்கள் கையை விரித்தால், அழுவது நீங்கள் மட்டும் இல்லை, கையெழுத்துப் போட்ட அப்பாவும்தான்.

"அப்ப ஸ்டைல் எங்க அண்ணா?" என்று கேட்பது கேட்கிறது. வெட்டுங்கள், வளையுங்கள், எந்த வடிவத்திலும் செய்யுங்கள். வடிவம் உங்களுடையது. வெளிச்சம் அவருடையது. இரண்டும் ஒரே லைற்றில் இருக்கலாம். அதைச் செய்து காட்டுவதுதான் கெட்டித்தனம்.

கடைசியாக, வீடியோவை நம்பாதீர்கள். இருட்டில், ஃபோன் கமராவில், எந்த லைற்றும் தேவலோகம்தான். கமரா தன் கண்ணைத் தானே சரிசெய்துகொள்ளும். சோதனை செய்ய வேண்டியது மத்தியானத்தில், வெயில் நேராகக் கண்ணாடியில் விழும்போது. ஒரு நண்பியையோ நண்பனையோ முப்பது அடி பின்னால் நிறுத்துங்கள். என்ஜின் மெதுவாக ஓடட்டும், ஹெட்லைற்றும் சிக்னலும் எரியட்டும். முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், பிறகு பின் பிரேக்கை மட்டும். எப்போது பிடித்தீர்கள் என்று சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். இடப்பக்கம் நடக்கச் சொல்லுங்கள், வலப்பக்கம் நடக்கச் சொல்லுங்கள். வயரைப் பிடித்து ஆட்டுங்கள். தோட்டத்துக் குழாயால் தண்ணீர் அடித்துவிட்டு மறுபடியும். ஒரு தடவையாவது அவர்கள் பிழையாகச் சொன்னால், அந்த லைற் இன்னும் மேசைக்குத்தான் சொந்தம், வீதிக்கு இல்லை.

அந்தத் தம்பி அன்றைக்கு என்னோடு கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் போனான். பரவாயில்லை. வரும் வருடத் தேரிலும் நான் கார் பார்க்கில் நிற்பேன். முப்பது அடி தள்ளிப் போய் நிற்கிறேன். பிரேக்கைப் பிடித்துக் காட்டுங்கள்.